நிற்காமல் ஆடிய தறி

என் மனைவி காவ்யா மெஷின்களை நம்புகிற அளவுக்கு மனிதர்களை நம்ப மாட்டாள். கல்யாணமான புதிதில் இது எனக்குச் சுருக்கென்று இருந்தது. "சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். "சாப்ட்டேன்" என்பேன். அதோடு விடாமல் சமையலறைக்குப் போய்க் குண்டானைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். நான் பள்ளிக்கூட வாத்தியார், பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவன். ஆரணியில் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு நான் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் மட்டும் என் வார்த்தைக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

காரணம் தெரிந்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. அவள் படிப்பு முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முள்ளிப்பட்டிலிருந்து ஒரு போன் போயிருக்கிறது. "அம்மாவுக்கு லேசா காய்ச்சல், ஒரு நட வந்துட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல்காரிக்கு ஆகும் என்று வேலூர் பஸ் ஸ்டாண்டில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தெருமுனையில் பந்தலைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பல நாளாகவே அம்மா படுக்கையில் இருந்திருக்கிறார். புது வேலை, பிள்ளை மனசு கெட்டுப்போகும் என்று தெருவே சேர்ந்து மறைத்திருக்கிறது. கெட்டதை நேராகச் சொல்லாமல் இருப்பதுதான் நம் பக்கத்தில் பாசம். அந்தப் பாசத்தால் காவ்யாவுக்கு அம்மா முகத்தைக் கடைசியாக ஒருமுறை உயிரோடு பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அன்றைக்கே அவள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். அப்பாவுக்கு ஒன்று என்றால் தனக்கு உடனே தெரிந்தாக வேண்டும், அதற்கு யார் வாயையும் நம்பி இருக்கக் கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆரணிக்கே வந்து, வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். இரண்டு இன்டர்நெட் லைன், ஒரு பெரிய இன்வெர்ட்டர், மேஜை நிறைய திரைகள். அவள் வேலை என்னவென்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. தேர்வு ரிசல்ட் பார்க்கிற இணையதளம் ஒன்று இருக்கிறது, அது நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு என்று மட்டும் தெரியும். வருஷம் முழுக்க அந்தத் தளத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. ரிசல்ட் அன்று காலையில் மட்டும் மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து கதவைத் தட்டுவார்கள்.

"கல்யாணப் பந்தி மாதிரிங்க," என்று ஒருநாள் சொன்னாள். "கும்பல் வரும்னு தெரிஞ்சா எலைய கூடப் போடணும். கும்பல் கொறஞ்சா சுருட்டிடணும். சும்மா போட்டு வெச்சா செலவு, போடாம வுட்டா அடிதடி. எலைய போடறது, எடுக்கறது, ரெண்டும் தானா நடக்கணும். அதைத்தான் நான் எழுதி வெச்சிருக்கேன்."

இலை என்று அவள் சொன்னது கிளவுடில் வாடகைக்கு எடுத்திருக்கிற கம்ப்யூட்டர்களை. பாதி மும்பையில் இருக்கும், பாதி ஐதராபாத்தில் இருக்கும். எல்லாம் சேர்ந்து வெளியே ஒன்று போலத் தெரியும். அந்தக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். சில நொடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "இருக்கேன்" என்று பதில் வந்தால் பச்சை. தொடர்ந்து பதில் வராவிட்டால் அது செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வேறொன்றைத் தூக்கி அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

"அடப்பாவி, செத்ததுக்கு ஒரு ஒப்பாரிகூட இல்லையா?" என்று கேட்டேன்.

"வெளிய இருக்கறவங்களுக்கு எது செத்துது, எது பொழச்சிதுன்னு தெரியவே கூடாதுங்க. வேல மட்டும் நிக்காம நடக்கணும். அதுலதான் எங்க பொழப்பே இருக்கு," என்று பெருமையாகச் சொன்னாள். நான் மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

என் மாமனார் வீரபாகு முள்ளிப்பட்டில் பட்டு நெய்கிறவர். வீட்டிலேயே தறி. ஆரணி முதலாளி ஒருவர் பாவு நூலும் ஜரிகையும் கொடுப்பார், இவர் புடவையாகத் திருப்பிக் கொடுப்பார். தொழிலில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆர்டர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. போன வருஷம் ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாத்திரை கொடுத்துப் பத்திரமாக இருக்கச் சொன்னார்கள். எங்களோடு வந்து இருக்கும்படி காவ்யா கெஞ்சிப் பார்த்தாள்.

"பொண்ணு வூட்ல வந்து டிவி பாத்துகினு குந்தி இருக்கறதா? நல்லா இருக்கும் பொழப்பு," என்று சொல்லி மறுத்துவிட்டார்.

கெஞ்சி ஆகாது என்று தெரிந்ததும் காவ்யா தன் வழிக்குப் போனாள். ஆன்லைனில் ஏதேதோ வரவழைத்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு டப்பி செய்து, அப்பாவின் தறிக் கட்டையில் திருகி வைத்தாள். தறி ஆடினால் அந்த அதிர்வை டப்பி இவள் திரைக்கு அனுப்பும். பகல் வேளையில் ரொம்ப நேரம் தறி ஆடாவிட்டால் இவள் போனில் மணி அடிக்கும். உடனே அப்பாவைக் கூப்பிடுவாள்.

மாமாவுக்கு முதலில் இது பெரிய பேஜாராக இருந்தது. "கடைக்குப் போயி நாலு பேரோட ஒரு டீ குடிக்க முடியல மாப்ளே. குந்தறதுக்குள்ள போன் பண்ணி எங்க போனன்னு கேக்குது," என்று என்னிடம் புலம்புவார். அப்புறம் பழகிவிட்டது. தெருவில் யாராவது கேட்டால், "எம்பொண்ணு வெச்சிருக்குது. தறி நின்னா அதுக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொள்வார். அப்படிச் சொல்லும்போது கழுத்து ஒரு பக்கம் சாயும். தெருவுக்கே அந்த டப்பியைப் பற்றித் தெரிந்திருந்தது அப்படித்தான்.

காவ்யாவின் திரையில் ஒரு மூலையில் அப்பாவின் தறி ஒரு கோடாக ஓடிக்கொண்டிருக்கும். நானும் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். அது கோணல்மாணலான கோடு. காலையில் சுறுசுறுப்பாக எழும்பும். ஜரிகைப் பூ போடுகிற இடம் வந்தால் விட்டு விட்டு வரும். டீ நேரத்தில் விழும். சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஆளே இருக்காது, அது அவர் கண்ணயர்கிற நேரம். மனிதர்கள் பொய் சொல்லலாம், இந்தக் கோடு சொல்லாது என்பது காவ்யாவின் கட்சி.

இந்த வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில்தான் அந்தக் கட்சி ஆட்டம் கண்டது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சமையல் என்று ஒன்று நடந்ததா என்று எனக்கு நினைவில்லை. காவ்யாவின் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற ஸ்டெஃபி, ஆரணிப் பெண், எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் படித்தவள் என்பதால் இன்னும் என்னைக் கண்டால் பாதி எழுந்து நிற்பாள். இரண்டு பேரும் சேர்ந்து வேண்டுமென்றே மெஷின்களை ஒவ்வொன்றாகக் கொல்வதும், தளம் தாங்குகிறதா என்று பார்ப்பதுமாக இருந்தார்கள். "ஐதராபாத்த மொத்தமா அணைச்சிட்டோம் சார், மும்பையே தாங்குது!" என்று ஸ்டெஃபி ஒருநாள் குதித்தாள். ஏதோ சண்டையில் ஜெயித்துவிட்டது போல இருவரும் கை தட்டிக்கொண்டார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் காவ்யா அப்பாவுக்கு ஒரு போன் போடுவாள்.

"இன்னாப்பா, சாப்ட்டியா?"

"ஆச்சிம்மா. தறியில இருக்கேன். உன் வேலைய பாரு, அப்பறம் பேசலாம்."

அவ்வளவுதான். மூலையில் கோடு ஓடிக்கொண்டிருக்கும். பச்சை எரிந்துகொண்டிருக்கும். அவளும் திரும்பவும் மெஷின்களைக் கொல்லப் போய்விடுவாள்.

ரிசல்ட் அன்று காலை எங்கள் கூடத்தில் பரீட்சை ஹால் அமைதி. எனக்கும் பதற்றம்தான், என் வகுப்புப் பிள்ளைகளின் ரிசல்ட்டும் அதிலேதானே இருக்கிறது. மார்க்கைத் திறந்துவிட்டதும் திரையில் கோடுகள் செங்குத்தாக ஏறின. ஏற ஏற மெஷின்கள் தானாக வந்து வரிசையில் சேர்ந்துகொண்டே இருந்தன. எங்கேயும் சிவப்பு இல்லை. என் பிள்ளைகள் ஒவ்வொருவராக எனக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒருத்தி வேதியியலில் நூற்றுக்கு நூறு. நான் சத்தம் போட்டுச் சிரித்தபடி காவ்யாவைப் பார்த்தேன்.

அவள் பெரிய திரைகளைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த சின்னக் கோட்டைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. இத பாருங்க."

பார்த்தேன். பச்சைதான். தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நல்லாத்தானே ஓடுது?"

"ரொம்ப நல்லா ஓடுது," என்றாள். "காலையில இருந்து ஒரே மாதிரி. நேத்தும் அப்டித்தான். முந்தாநாளும் அப்டித்தான். டீக்கு நிக்கல. பூ போடற எடத்துல நிக்கல. மதியம் படுக்கல. எங்கப்பா இப்டி நெய்ய மாட்டாருங்க. மனுஷன் யாருமே இப்டி நெய்ய மாட்டாங்க."

"ஆர்டர் அவசரமா இருக்கும்..."

"இது எங்கப்பா இல்ல."

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அவர் எடுத்து, "தறியில இருக்கேம்மா" என்றார். பின்னால் யாரோ ஒரு பெண், "தாத்தா, கைய நீட்டுங்க" என்பது கேட்டது. லைன் கட்டாகிவிட்டது. திரையில் தறி ஒரு இழைகூடத் தப்பாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

காவ்யா எழுந்து துப்பட்டாவை எடுத்துக்கொண்டாள். ஸ்டெஃபி அலறிவிட்டாள். "அக்கா, இப்பவா? இன்னும் கும்பலே கொறையல. பெங்களூர்ல இருந்து கூப்ட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் வூட்ல இல்லன்னு சொல்லு."

"நீங்க இல்லாம எப்டிக்கா?"

"எது போனாலும் நிக்கக் கூடாதுன்னுதானே இத்தினி நாளா உக்காந்து கட்டினோம்? நான் எழுந்து போனதும் நின்னுடும்னா, நான் கட்டினதே தப்பு," என்று சொன்ன காவ்யா, ஸ்டெஃபியின் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். நான் பைக் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

முள்ளிப்பட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அப்பா நம்பருக்கே போட்டுக்கொண்டு வந்தாள்.

மாமா வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே தறிச் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. காவ்யா செருப்போடு உள்ளே ஓடினாள்.

தறியில் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. கீரையை உருவிக்கொண்டே, காலை மட்டும் தறிக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார். தறி ஆடியது, சத்தம் போட்டது, ஆனால் புடவையில் ஒரு நூலும் ஏறவில்லை. பாதி வளர்ந்த புடவை அப்படியே நிற்க, அதன் மேல் ஊடை நூல் ஓட்டுகிற நாடா ஒரு ஓரமாகப் படுத்துக் கிடந்தது. தறிக் கட்டையில் டப்பி கடமை தவறாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பொன்னம்மாள் எங்களைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். பாவம், அப்போதும் கால் நிற்கவில்லை.

"சித்தி, அப்பா எங்க?"

"அய்யோ காவ்யா, நீ இன்னிக்கி வர மாட்டன்னு இல்ல சொன்னாரு..."

"அப்பா எங்க சித்தி?"

பொன்னம்மாளின் கால் நின்றது. தறியும் நின்றது. முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அழுகைக்கு நடுவில் விஷயம் வந்தது. வார ஆரம்பத்தில் மாமாவுக்கு மறுபடி நெஞ்சு வலி. பொன்னம்மாளின் வீட்டுக்காரர் தனக்கோடி ஆட்டோ பிடித்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ரத்தக் குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாமா இணங்கவில்லை. ரிசல்ட் முடியட்டும், அதுவரை காவ்யாவுக்குத் தெரியக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கிவிட்டார்.

"தறி நின்னா உனக்கு மணி அடிச்சிடுமே. அதான் தெருவுல மாத்தி மாத்தி வந்து குந்தினோம். நெய்யறது பெரிசில்ல, ஆனா கை மாறினா புடவ மாறிடும்டி. உங்கப்பா நூல அடிக்கற அடி வேற, எங்க அடி வேற. பாழாயிடப் போவுதுன்னு நூலே போடாம சும்மா மிதிச்சிகினே இருந்தோம். ஒருத்தர் எழுந்துக்கறதுக்குள்ள இன்னொருத்தர் குந்திடுவோம். எங்க நடுவுல நின்னு உனக்குத் தெரிஞ்சிடுமோன்னு டீக்குக்கூட எழுந்துக்கல காவ்யா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம் இல்ல?" என்று கத்தினேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்னு சொன்னாருங்க மாப்ளே," என்றார் பொன்னம்மாள். உண்மைதான், என் முகத்துக்கு ரகசியம் தாங்காது.

காவ்யா திட்டவில்லை. அந்த அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. குனிந்து ஒரு பாதத்தைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து, "எந்த ஆஸ்பத்திரி சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

வேலூருக்கு அப்படியே பைக்கில் கிளம்பினோம். கத்திரி வெயில். கண்ணமங்கலத்தில் தண்ணீர் வாங்க நிறுத்தியபோது ஸ்டெஃபி கூப்பிட்டாள். காவ்யா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எல்லாமே பச்சையா இருக்குக்கா. மெஷின் சேந்துகினே இருக்கு. நீங்க கவலப்படாதீங்க."

"பச்சைய மட்டும் பாக்காத ஸ்டெஃபி," என்றாள் காவ்யா. "இருக்கியான்னு கேட்டா எல்லாம் இருக்கேன்னுதான் சொல்லும். ஒவ்வொண்ணா உள்ள போய், நெஜமாவே மார்க்கு காட்டுதான்னு பாரு."

நாங்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மறுபடி போன். "அக்கா, ரெண்டு மெஷின் இருக்கேன் இருக்கேன்னு சொல்லிகினே யாருக்குமே மார்க் காட்டாம நிக்குதுக்கா. அதுங்ககிட்ட போய் மாட்டின பசங்க எல்லாம் பாவம், சுத்திகினே இருந்திருக்காங்க."

"கழட்டி வுட்டுடு. வேற தானா வரும்."

"கழட்டிட்டேன். வந்துடுச்சிக்கா."

"நல்ல பொண்ணு. இனிமே நீயே பாத்துக்கோ," என்று சொல்லிப் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். அந்த வாரத்தில் அவள் போனை அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பைக்கில் ஏறி உட்கார்ந்ததும் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "அதுங்களுக்கெல்லாம் வேற வரும். எங்கப்பாவுக்கு வேற வராதுங்க," என்றாள். நான் வண்டியை எவ்வளவு விரட்ட முடியுமோ அவ்வளவு விரட்டினேன்.

வார்டு வாசலிலேயே தனக்கோடி நின்றிருந்தார். காவ்யாவைக் கண்டதும் திருடன் போல முழித்து, "சத்தியம் வாங்கிட்டாரும்மா" என்று தொடங்கினார். அவரைத் தாண்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

மாமா கதவை ஒட்டிய முதல் கட்டிலிலேயே படுத்திருந்தார். மார்பில் ஒயர்கள், கையில் ஊசி. மகளைப் பார்த்ததும் அந்த முகம் ஒரு நொடி அப்படியே விரிந்தது. அடுத்த நொடி அதை மடித்து வைத்துவிட்டு, "வேலைய வுட்டுட்டு ஏம்மா வந்த? ரிசல்ட்டு வந்துச்சா? கம்ப்யூட்டரு ஒண்ணும் நிக்கலையே?" என்று கேட்டார்.

அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் காவ்யாவிடமிருந்து வெடித்து வந்தது.

"கம்ப்யூட்டரு கெடக்குதுப்பா! அம்மாவுக்கும் இப்டித்தான் பண்ணீங்க. காய்ச்சல்னு சொன்னீங்க. நான் சாத்துக்குடிய தூக்கிகினு வந்து நின்னேன். மறுபடியும் என்னைய அப்டியே நிக்க வெக்கலாம்னு பாத்தியா? தறி ஆடுதான்னு தெரிஞ்சிக்கவாப்பா அந்த டப்பிய வெச்சேன்? தறி எக்கேடோ கெட்டுப் போவட்டும். நீ எப்டி இருக்கன்னு தெரிஞ்சிக்கதானே வெச்சேன்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. மாமாவின் கண் நிறைந்து வழிந்தது. ஊசி போட்ட கையைத் தூக்கித் துடைத்துக்கொள்ளப் பார்த்தார், ஒயர் தடுத்தது. காவ்யாவே துடைத்துவிட்டாள்.

"தப்புதாம்மா," என்றார்.

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். சின்ன வயசு, ஆனால் கண்டிப்பு. "நீங்கதான் பொண்ணா? இவர் வந்த அன்னிக்கே செஞ்சிருக்கணும். நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சு. பொண்ணுக்கு முக்கியமான வேலை, அது முடியட்டும்னு தள்ளிக்கிட்டே போறார். இன்னும் தள்ளினா நாங்க பொறுப்பு இல்ல" என்றார்.

"இப்பவே செய்ங்க டாக்டர்," என்றாள் காவ்யா. மாமாவைப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டதும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே போகும் வரை அவள் கட்டிலோடு நடந்தாள்.

வெளியே காத்திருந்தோம். தனக்கோடி மாமாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. காவ்யா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். எவ்வளவு கோபம் இருந்தாலும், அவர்தானே ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தவர்.

வார்டு நர்ஸ் ஒருவர், நடுத்தர வயது, எங்களைத் தாண்டிப் போனவர் நின்றார். "நீங்கதான் காவ்யாவா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"நெனச்சேன். உங்கப்பா நல்ல ஆளும்மா. அவருக்கு ஜன்னல் ஓரமா, ஃபேனுக்கு நேரா நல்ல பெட்டுதான் குடுத்தோம். வேணவே வேணாம்னுட்டாரு. எனக்குக் காத்து வேணாம், கதவு தெரியற எடமா குடுங்கன்னு எங்க உயிர வாங்கி அங்க மாறினாரு. அந்த எடத்துல ஒரே புழுக்கம், போற வர்றவங்க சத்தம் வேற. கதவு தெறக்கும்போதெல்லாம் தலைய தூக்கிப் பாப்பாரு. யாராவது வராங்களா தாத்தான்னு கேட்டா, யாரும் வரலம்மா, எம்பொண்ணுக்குச் சொல்லவே இல்லன்னுவாரு. மறுபடி கதவு தெறந்தா மறுபடி பாப்பாரு."

நர்ஸ் போய்விட்டார். தனக்கோடி துண்டை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார்.

ஸ்டென்ட் வைத்து முடித்து, நல்லபடியாக ஆயிற்று என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது நான் தனக்கோடியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். காவ்யா போனாள். என்னைத் தடுக்கவும் யாருக்கும் மனசு வராததால், நான் திரைச்சீலை ஓரமாக நின்றுகொண்டேன்.

மாமா அரைத் தூக்கத்தில் இருந்தார். காவ்யா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அப்பா."

"ம்."

"எனக்குச் சொல்லக் கூடாதுன்னு ஊர்கிட்ட எல்லாம் சத்தியம் வாங்கின. அப்பறம் எதுக்குப்பா கதவையே பாத்துகினு படுத்திருந்த?"

அவர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. கடைசியில் சின்னக் குரலில் சொன்னார்.

"பயமா இருந்துச்சிம்மா. யாரும் சொல்லலன்னாக்கூட நீயா தெரிஞ்சிகினு வந்துடுவன்னு ஒரு ஆச."

காவ்யா அவர் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கி அழுதாள்.

"வந்துட்டேன் இல்லப்பா," என்றாள்.